கட்டின் மேல் போட்ட கையெழுத்து

டிஸ்பென்சரிச் சாவி கைக்கு வந்த முதல் வாரத்தில் உங்களுக்குப் புத்தி சொல்ல நிறையப் பேர் வருவார்கள். கணக்கப்பிள்ளை வருவார், ஸ்டோரிலிருந்து ஒருவர் வருவார், பக்கத்துத் தோட்டத்து டிஸ்பென்சர் தேத்தண்ணி குடிக்கிற சாக்கில் வருவார். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “ஏமாந்துடாதீங்க. வர்ற ஆள்ல பாதிப் பேர் துண்டுக்குத்தான் வருவாங்க.”

துண்டு என்றால், இன்றைக்கு இவரால் வேலை செய்ய முடியாது என்று நாம் எழுதிக் கொடுக்கும் சின்னச் சீட்டு. அதை எழுதும் பேனா உங்கள் சட்டைப்பையில் இருக்கிறது. அதனால் தோட்டத்தை நடத்தும் துரைக்கு அடுத்த ஆள் நீங்கள்தான் என்று உங்களுக்குச் சீக்கிரமே தோன்றத் தொடங்கும். எனக்குத் தோன்றியது. பொய்க்காரர்களைப் பிடிப்பதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியிருந்தேன். இடுப்பு வலி என்று வந்தவன் கீழே விழுந்த பீடியைக் குனிந்து எடுத்ததைப் பார்த்து அவனைத் திருப்பி அனுப்பிய கதையை நானே பத்து இடத்தில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். இப்போது சொல்லப் போவது அப்படிச் சிரிக்கிற கதை இல்லை. இதை இத்தனை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற ஆளுக்கு வெட்கம் கொஞ்சம் குறைந்துவிடுகிறது, அதனால் சொல்கிறேன்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு. அரநாயக்கப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். ராக்கம்மா என்று ஒரு பால்வெட்டும் பெண், நாற்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் செத்து மூன்று வருடம். மகளைப் பலாங்கொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார். மகன் ரவி கொழும்பில் ஒரு கடையில் வேலை. லயத்து வீட்டு வரிசையில் அவருடைய காம்பராவில் அவர் மட்டும்தான். ஒருநாள் காலையில் பால் கத்தி வழுக்கி, இடது கைப் பெருவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் வெட்டிவிட்டது. இருபது வருடமாக வெட்டுகிற ஆளுக்குக் கத்தி ஏன் வழுக்கியது என்று நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கழுவினேன், கட்டினேன், துண்டு எழுதினேன்.

அது பெரிய வெட்டு இல்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் மூடிக்கொள்ள வேண்டியது. மூன்று வாரம் ஆகியும் வாயைத் திறந்துகொண்டே இருந்தது. சீழ் பெரிதாக இல்லை, வீக்கம் இல்லை. விளிம்பெல்லாம் வெளுத்துப் போய், சதை வளர மறந்துவிட்டது போல இருந்தது. சீனி வியாதியோ என்று கேகாலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி இரத்தம் பார்த்தேன். சீனி இல்லை. மருந்தை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. பழைய எக்ஸ்ரே படம் ஒன்றைக் கழுவி, அந்தத் தெளிவான தகட்டைக் காயத்தின் மேல் வைத்து ஓரத்தைப் பேனாவால் வரைந்து வைத்திருந்தேன். வாராவாரம் வைத்துப் பார்ப்பேன். கோடு நகரவே இல்லை.

இதற்கு நடுவில் அவருக்கு வாய்ப்புண் வந்தது, உதட்டோரம் கொப்புளம் வந்தது, தடிமன் பிடித்துச் சளியோடு விடாமல் இருமினார். வாரத்தில் மூன்று நாள் வந்து வரிசையில் நிற்பார். முறை வந்ததும் கையை நீட்டுவார். கட்டு முடிந்த பிறகும் உடனே போகமாட்டார். ஏதோ சொல்ல வாயெடுப்பது போலவும் இருக்கும்.

“என்னா, இன்னும் என்னா வேணும்?” என்பேன்.

“ஒன்னுமில்லீங்க ஐயா” என்று போய்விடுவார்.

இன்னொரு துண்டுக்கு அடி போடுகிறார் என்று நினைத்தேன்.

நம் தோட்டங்களில் ஒரு பேச்சு உண்டு, நீங்களும் கேட்டிருப்பீர்கள். காயத்தை ஆறவிடாமல் வைத்துக்கொள்ளச் சிலர் சுண்ணாம்பையும் சவுக்காரத்தையும் குழைத்துத் தடவுவார்கள் என்று. அப்படிச் செய்த ஒருவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பேச்சு என் தலைக்குள் உட்கார்ந்திருந்தது. போதாததற்குப் பெரிய துரை ஒருநாள் கேட்டார்: “அந்த ராக்கம்மா கை என்னா டிஸ்பென்சர்? ஒரு மாசம் ஆகுது. பால் வெட்ட ஆள் இல்லை. மெய்யா, பொய்யா? பொய்னா பேர் வெட்டுறேன்.”

பேர் வெட்டினால் வேலை போகும். வேலை போனால் லயத்துக் காம்பராவும் போகும். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொன்னேன்: “எனக்கும் சந்தேகந்தான் சார். ஏதோ தடவுறா போல இருக்கு. ஒரு வாரம் குடுங்க, பிடிச்சுத் தர்றேன்.”

பிடித்துத் தருகிறேன் என்றேன். வைத்தியம் பார்க்க வந்தவன் பேசுகிற பேச்சா அது?

அடுத்த திங்கட்கிழமை ராக்கம்மா வந்தார். காயத்தைக் கழுவி, நல்ல துணியாகப் பார்த்து இறுக்கிக் கட்டினேன். பிறகு ஊதா மருந்தில் ஒரு தீக்குச்சியை நனைத்து, கட்டின் மேல் தொடங்கி மணிக்கட்டுத் தோல் வரைக்கும் படுகிற மாதிரி நீளமாக என் கையெழுத்தைப் போட்டேன். கட்டைப் பிரித்தால் துணியில் உள்ள பாதியும் தோலில் உள்ள பாதியும் மறுபடி ஒட்டாது.

“வெள்ளிக்கிழமை வா. இது கலைஞ்சிருந்தா நீ பிரிச்சேன்னு அர்த்தம். பொறவு எங்கிட்ட வராத, நேரா ஆபீசுக்குப் போ” என்றேன். வரிசைக்கே கேட்கிற மாதிரிச் சொன்னேன். யாரோ சிரித்தார்கள்.

அவர் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். “சரிங்க ஐயா” என்றார்.

ஊதா மருந்து தோலில் பட்டால் இலேசில் போகாது. அந்த நாலு நாளும் என் பெயரைக் கையில் சுமந்துகொண்டு அவர் லயத்திலும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலும் நடமாடினார். மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் பொறுக்கும் இலேசான வேலைக்குப் போன இடத்தில், “டாக்டர் ஐயா முத்திரை குத்தி அனுப்பியிருக்காரு, தபால்ல போடப் போறாங்களா?” என்று கேலி செய்தார்களாம். இதையெல்லாம் பிறகு எனக்குச் சொன்னது எங்கள் மிட்வைப் குசுமாவதி. சிங்கள அம்மா, தோட்டத்துத் தமிழைத் தன் பாட்டுக்கு வளைத்துப் பேசுவார். வெள்ளிக்கிழமை காலையில் நான் கதவைத் திறக்கும்போதே வந்து நின்றார்.

“டாக்டர் மஹத்தயா, நான் பாத்தது. பீலித் தண்ணியில ராக்கம்மா ஒரு கையில துணி தோய்க்கிறது. மத்த கை மேல தூக்கி வச்சிருக்கு, சீனி வாங்கின பை போட்டுக் கட்டி. தண்ணி பட்டா பேர் அழியும் சொல்லிப் பயம். அனே பவ், பாவம்! என்னாத்துக்கு அப்படிச் செஞ்சது நீங்க?”

கத்தரிக்கோலை எடுத்து மேசை மேல் வைத்தேன். ராக்கம்மா வந்து உட்கார்ந்தார். பொலித்தீன் பையை அவிழ்த்துக் கையை மேசை மேல் வைத்தார். கட்டு அழுக்காகியிருந்தது. கையெழுத்து ஒரு எழுத்துக்கூடக் கலையவில்லை. துணியில் இருந்த பாதியும் தோலில் இருந்த பாதியும் நான் போட்டபடியே சேர்ந்திருந்தன. கத்தரிக்கோலால் வெட்டித் திறந்தேன். காயம் அப்படியே இருந்தது. எக்ஸ்ரேத் தகட்டை வைத்தேன். கோடு கோட்டின் மேலேயே விழுந்தது.

“சீல் ஒடையலதானுங்களே ஐயா?” என்று கேட்டார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பரீட்சை எழுதிய பிள்ளை கேட்பது மாதிரிக் கேட்டார்.

வரிசையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். குசுமாவதியை உள்ளே இருக்கச் சொன்னேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. மருந்து, காய்ச்சல், சீனி எல்லாம் கேட்டு முடித்தாகிவிட்டது. வாயில் வந்ததைக் கேட்டேன்.

“நீங்க கடைசியா எப்ப நல்லாத் தூங்குனீங்க?”

அதுவரைக்கும் நான் அவரை ‘நீ’ என்றுதான் கூப்பிட்டிருந்தேன். அந்த ‘நீங்க’வுக்கோ கேள்விக்கோ, அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

“தூக்கமா? அதெல்லாம் மாசி மாசத்தோட போச்சுங்க.”

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மாசி மாதத்தில் கொழும்பில் ஆமியும் பொலிசும் நடத்திய ஒரு சுற்றிவளைப்பில் ரவியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவனிடம் அடையாள அட்டை இல்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் அட்டை எடுக்கவேயில்லை. கடை முதலாளி வரக்காப்பொலக்காரர், முஸ்லிம், நல்ல மனிதர். அவரே தோட்டத்துக்கு வந்து ராக்கம்மாவிடம் சொல்லியிருக்கிறார், பையன் இந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் என்று தோட்டத்துக் கடுதாசி ஒன்று இருந்தால் பேசிப் பார்க்கலாம் என்று. அன்றைக்கு வந்தவரை ரவியின் சம்பளக் காசு கொண்டுவந்தவர் என்று லயத்தில் சொல்லிச் சமாளித்திருக்கிறார் ராக்கம்மா.

அது எப்படிப்பட்ட காலம் என்று உங்களில் இளையவர்களுக்குத் தெரியாது. கொழும்பில் குண்டு ஏதாவது வெடித்தால் இங்கே நாங்கள் லயத்துக்குள் ரேடியோச் சத்தத்தைக் குறைத்துக்கொள்வோம். சுற்றிலும் சிங்களக் கிராமம், நடுவில் நாங்கள் ஒரு கைப்பிடி. எல்லோரும் நல்லவர்கள்தான், தினம் பேசிப் பழகுகிறவர்கள்தான். ஆனாலும் பழைய கலவரங்களில் ஓடிக் காட்டுக்குள் ஒளிந்தவர்கள் எங்களோடுதான் இருந்தார்கள். ‘ராக்கம்மா மகனைப் புலி என்று பிடித்துவிட்டார்கள்’ என்று ஒரு வார்த்தை வெளியே போனால் அந்த லயத்துக்கே என்ன வருமோ என்று அவர் பயந்திருக்கிறார். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. ரவி எப்படியிருக்கான் என்று கேட்டவர்களிடம், நல்லாயிருக்கான் என்று சொன்னார். சித்திரை வருடப் பிறப்புக்கு அவன் அனுப்பியது என்று சொல்லிப் பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளுக்கு டொபி கூடக் கொடுத்திருக்கிறார்.

“சாப்பாடு எறங்கலீங்க. வாயில வச்சா அவனுக்கு என்னா குடுத்தாங்களோன்னு தோணும். படுத்தா, வாகனச் சத்தம் கேட்டா எந்திரிச்சிருவேன். அப்பிடி ஒரு நாள் தூங்காமப் போய்த்தாங்க மரத்துல கத்திய வச்சப்ப கை நழுவிருச்சு.”

“கடுதாசி எங்க கெடைக்கும்னு தெரியுமா ஒங்களுக்கு?”

“தெரியுங்களே. ஒங்க நாக்காலிக்குப் பின்னால, அந்த அலுமாரியில.”

தோட்டத்தில் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளையையும் நம் டிஸ்பென்சரிப் பெரிய புத்தகத்தில் எழுதுவோம் அல்லவா, அந்தப் புத்தகம். நான் திரும்பிப் பார்த்தேன். நாற்காலியை நகர்த்தாமலே கை நீட்டினால் எட்டும்.

“பொறவு ஏன் ராக்கம்மா கேக்கல?”

“கேக்கத்தாங்க ஐயா வந்தேன். வந்த அன்னிக்கெல்லாம் கேக்கத்தான் வந்தேன். ஆளுங்க இருப்பாங்க. ஐயா ஏசுவீங்க. அப்பறம் என்னையப் பொய்க்காரின்னு சொல்லிட்டீங்க. பொய்க்காரி மகந்தானே, அவனும் பொய் சொல்றான்னு நெனச்சிட்டீங்கன்னா?”

குசுமாவதி முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். நான் புத்தகத்தை எடுத்தேன். எழுபத்தேழாம் வருடத்துப் பக்கத்தில் ரவி இருந்தான். பிறந்த எடைகூட எழுதியிருந்தது. எனக்கு முன்னால் இருந்த யாரோ எழுதிவிட்டு, பதிவுக்கு அனுப்ப மறந்திருக்கிறார்கள். ஒரு வரி மறதி, ஒரு பையனின் தலையில் விடிந்திருந்தது.

இந்தக் கடுதாசிக்கு என் கையெழுத்து மட்டும் போதாது, துரையும் போட வேண்டும். துரைக்கு விஷயம் தெரியாமல் அது முடியாது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? பாவம், அவசரம் என்று நேரே ஓடியிருப்பீர்கள். எனக்கும் கால் பரபரத்தது. ஆனால் அந்த இரகசியம் என்னுடையது இல்லை. “தொரைக்குச் சொல்லட்டுங்களா?” என்று அவரிடம் கேட்டேன். திறந்திருந்த புத்தகத்தைப் பார்த்தார். “தொரைக்கு மட்டும்” என்றார். குசுமாவதியின் கையைப் பிடித்து, “நீங்களும் சொல்லிறாதீங்க மிஸ்” என்றார்.

இரண்டு தாளோடு ஆபீசுக்குப் போனேன். ஒன்றில் ராக்கம்மா காயத்தில் எதையும் தடவவில்லை, நான் சொன்னது தவறு, உறக்கமில்லாததாலும் உணவில்லாததாலும் உடம்பு தளர்ந்து காயம் ஆறத் தாமதமாகிறது, இரண்டு மாதத்துக்கு இலேசான வேலையே கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். துரை படித்துவிட்டுச் சிரித்தார்.

“தூக்கம் இல்லாட்டி காயம் ஆறாதா? எந்தப் புத்தகத்துல இருக்கு டிஸ்பென்சர்? போன வாரம் பொய்க்காரின்னு சொன்னது நீதானே?”

“ஆமாங்க சார். தப்பு என்னுது. அந்தம்மா பொய் சொல்லல.”

பிறகு கதவைச் சாத்திவிட்டு மற்றத் தாளைக் கொடுத்தேன், ரவியின் விஷயத்தைச் சொன்னேன். அவரும் சிங்களவர். அவருடைய தம்பி வடக்கில் ஆமியில் சிப்பாயாக இருந்தான், அது எனக்குத் தெரியும். எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரியாமல்தான் நின்றேன். தாளை இரண்டு தடவை படித்தார்.

“என் அம்மாவும் தூங்குறது இல்லை” என்றார். கையெழுத்துப் போட்டு, அதன் மேல் தோட்டத்து முத்திரையையும் தானே குத்தினார்.

கடுதாசி வரக்காப்பொல முதலாளி கைக்குப் போயிற்று. பத்து நாள் கழித்து மகனைப் பார்க்க ராக்கம்மாவை விட்டார்கள். கம்பிவலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கொஞ்ச நேரம் பேசியிருக்கிறார்கள். இளைத்திருந்தானாம், ஆனால் முழுசாக இருந்தானாம். திரும்பி வந்து, பஸ்ஸிலேயே தூங்கிவிட்டேன் என்று வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னார். அடுத்த வாரம் எக்ஸ்ரேத் தகட்டை வைத்தேன். முதல் தடவையாகக் காயம் கோட்டுக்கு உள்ளே இருந்தது.

கடுதாசியால்தான் கை ஆறியது என்று நான் சொல்லமாட்டேன். குசுமாவதி தினம் ஒரு முட்டை கொண்டு வந்து தன் கண் முன்னால் சாப்பிட வைத்தார். நானும் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல எனக்குப் படிப்பில்லை. சில வருடம் கழித்து ஒரு பயிற்சி வகுப்பில் ஒரு டாக்டரிடம் இதைக் கேட்டேன். பயம் வந்தால் உடம்பு ஓடுவதற்குத் தயாராகிவிடும், அதற்கென்று சில சுரப்புகள் இரத்தத்தில் இறங்கும், கொஞ்ச நேரத்துக்கு அது நல்லது, மாதக் கணக்கில் நீடித்தால் கிருமியோடு சண்டை போடுகிற அணுக்களும் காயத்தை மூடுகிற வேலையும் மந்தமாகிவிடும் என்று விளக்கினார். வீட்டு ஆட்கள் எல்லோரும் வாசலில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தால் அடுப்படியை யார் பார்ப்பது, அந்த மாதிரி என்று எனக்கு விளங்கியது. ராக்கம்மாவின் வாய்ப்புண்ணும், உதட்டுக் கொப்புளமும், விடாத தடிமனும் ஒன்றுக்கொன்று உறவு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அவையெல்லாம் வரிசையாக வந்து எனக்குச் சொல்லியிருக்கின்றன. நான் துண்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைக் கேட்டுவிட்டு நீங்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. நான் சாய்ந்தேன். ராக்கம்மாவுக்குப் பிறகு எனக்கு எல்லாமே மனக்கவலையாகத் தெரிந்தது. இரண்டு வருடம் கழித்து, பெண்சாதியைப் பறிகொடுத்த காவல்காரர் ஒருவர் இருமலோடும் இளைப்போடும் வந்தார். துக்கம், வேறென்ன என்று மூன்று வாரம் ஆறுதலும் விட்டமினும் கொடுத்தேன். குசுமாவதி தொந்தரவு செய்து சளியைப் பரிசோதனைக்கு அனுப்ப வைத்தார். கசம், காசநோய். நெஞ்சுக்குள் எத்தனையோ வருடமாகச் சும்மா கிடந்தது, துக்கத்தில் உடம்பு தளர்ந்ததும் எழும்பியிருக்கிறது. மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்தார், என் நல்ல காலம். கவலை கதவைத் திறந்துவிடும், சரி. உள்ளே வந்தது யார் என்றும் பார்க்க வேண்டும். தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள், சளியையும் பாருங்கள். இரண்டில் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதைச் செய்ததாக நினைத்துக்கொள்ளாதீர்கள்.

கடுதாசி போன ஏழு வாரத்தில் ரவியை விட்டார்கள். அவன் வந்த மூன்றாம் நாள் ராக்கம்மா டிஸ்பென்சரிக்கு வந்தார். அவனையும் இழுத்துக்கொண்டு வந்து, “இவன் ஒடம்பெல்லாம் சிரங்குங்க ஐயா, பாருங்க” என்று முன்னால் தள்ளினார். வரிசையில் நின்றவர்களைப் பொறுத்தவரை அவன் கடையில் லீவு எடுத்து வந்திருந்தான். அவனுக்கு மருந்து கொடுத்துவிட்டு, “ஒங்க கையக் குடுங்க” என்றேன். காயம் மூடி, நகக்கண் அளவு பொருக்கு மட்டும் இருந்தது. கட்டுத் தேவையில்லை. ஆனாலும் மனசு கேட்காமல் ஒரு சின்னத் துணியை வைத்து ஒட்டினேன்.

அப்போதுதான் மணிக்கட்டைப் பார்த்தேன். அங்கே ஊதாச் சாயத்தின் அடையாளமே இல்லை. என் கண் அங்கே போனதை அவர் கவனித்துவிட்டார்.

இத்தனை நாளாகச் சொல்ல நினைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினேன். “ராக்கம்மா, அன்னிக்கு நான் அப்பிடி எல்லார் முன்னாலயும்...”

“அந்தக் கையெழுத்தத் தேச்சுக் கழுவிட்டேங்க ஐயா” என்றார். “கடுதாசியில போட்டீங்களே, அதுல ஒரு கொப்பி எடுத்து சாமிப் படத்துக்குப் பின்னால வச்சிருக்கேன்.”

மகனைக் கூட்டிக்கொண்டு போனார். வரிசையில் அடுத்த ஆள் வந்து உட்கார்ந்து கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்து மேசை மேல் வைத்தேன். பிறகு, ராத்திரி நன்றாகத் தூங்கினீர்களா என்று கேட்டேன்.